17 வயதுப் பையன் பையில் கஞ்சா: வழக்கு எப்படிப் போகும், முதல் நாளில் வீட்டார் என்ன செய்ய வேண்டும்

கேள்வி: அக்கா மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். பஸ் ஸ்டாண்ட் அருகே இரண்டு நண்பர்களோடு நின்றபோது போலீஸ் சோதனை போட்டிருக்கிறார்கள். அவன் புத்தகப் பையில் 30 கிராம் கஞ்சா இருந்ததாகச் சொல்கிறார்கள். நண்பர்களில் ஒருவனுக்கு 19 வயது. பையன் ஜெயிலுக்குப் போவானா? பாஸ்போர்ட், அரசு வேலை எல்லாம் போய்விடுமா?

பதில்:

ஜெயிலுக்குப் போக மாட்டான். 18 வயது நிறையாத ஒருவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்க 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இடமே கொடுக்கவில்லை. 30 கிராம் என்பதும் கஞ்சா வழக்குகளிலேயே ஆகக் கீழ்த்தட்டு. பாஸ்போர்ட், வேலை விஷயத்திலும் சட்டம் பையன் பக்கம்தான் நிற்கிறது. ஆனால் இவையெல்லாம் கிடைக்க வேண்டுமானால், அவன் 'சிறார்' என்பது முதல் நாளே காகிதத்தில் ஏற வேண்டும். இந்த வகை வழக்குகளில் பிள்ளைகளுக்கு நேரும் சேதத்தில் பெரும்பகுதி முதல் 24 மணி நேரத்தில், பதற்றத்தில் நடக்கும் தவறுகளால் வருவது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இப்போதே கிளம்புகிறீர்கள் என்றால் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியது அவனுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். அசலும் நான்கு நகல்களும். ஆதாரை மட்டும் நீட்டாதீர்கள். வயதை எப்படி முடிவு செய்ய வேண்டும் என்பதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது: முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது மெட்ரிக் சான்றிதழ், அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்பு முதிர்ச்சிப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையிலேயே இல்லை. ஆதார் பிறந்த தேதிக்கான ஆதாரம் அல்ல என்று 2024-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எலும்புப் பரிசோதனை வரை போகவிட்டால் வருவது ஒரு உத்தேச வயதுதான். 17-ல் இருக்கும் பையனுக்கு அந்த உத்தேசம் எந்தப் பக்கமும் சாயலாம்.

வயது ஏன் இவ்வளவு முக்கியம்? மீசை அரும்பிய, உயரமான பையன் என்றால் கைதுக் குறிப்பில் 'வயது 19' என்று ஏறிவிடுவது உண்டு. அப்படி ஏறினால் அவன் நண்பனோடு சேர்ந்து சாதாரண மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டு, கிளைச் சிறைக்குப் போய்விடுவான். பிறகு திருத்தலாம். வயதுக் கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், வழக்கு முடிந்த பிறகும்கூட எழுப்பலாம் என்று 9-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தத் திருத்தம் வரும்வரை அவன் பெரியவர்களோடு உள்ளே கிடப்பான். கணக்கில் வருவது சம்பவம் நடந்த நாளில் இருந்த வயதுதான். விசாரணை நடக்கும்போது 18 முடிந்தாலும் அவன் சிறாராகவே நடத்தப்பட வேண்டும்.

ஸ்டேஷனில் நீங்கள் தேட வேண்டியவர் குழந்தைகள் நலக் காவல் அலுவலர். சிறாரைக் கையாளுவதற்கென்றே ஸ்டேஷனில் இந்தப் பொறுப்பு ஒருவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். பையனை அவரிடமோ, மாவட்டத்தின் சிறார் காவல் பிரிவிடமோதான் ஒப்படைத்திருக்க வேண்டும். கைவிலங்கு கூடாது. எந்த வாக்குமூலத்திலும் அவனைக் கையெழுத்துப் போடச் சொல்லக் கூடாது. பெற்றோருக்குத் தகவல் சொல்வதும், இலவச சட்ட உதவிக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிப்பதும் போலீஸின் கடமை. பிடித்ததிலிருந்து, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமம் என்பது ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்டது. அந்த இருவரில் ஒருவர் பெண். சென்னையில் கெல்லீஸில் இருக்கிறது. மற்றவர்கள் தங்கள் மாவட்டக் குழுமத்துக்குப் போக வேண்டும்.

'சும்மா ஒரு கையெழுத்து, விட்டுடுறோம்' என்று யாராவது சொன்னால் எழுதாத தாளில் பையனும் கையெழுத்திட வேண்டாம், நீங்களும் வேண்டாம். பையனை அழைத்துச் செல்வதற்கான ஒப்புகை என்றால் முழுதும் படித்து, தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்திடுங்கள். போதைப்பொருள் வழக்கில் அதிகாரிகளிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று 2020-இல் தூஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான் அது. இருந்தாலும் 'எங்கே வாங்கினேன், யாருக்குக் கொடுத்தேன்' என்று பையன் எழுதிக் கொடுத்த தாள் வழக்கின் திசையை மாற்றும். தனக்காக வைத்திருந்தது விற்பனைக்கு வைத்திருந்ததாக மாறுவது பெரும்பாலும் அப்படித்தான்.

இனி சட்டத்தின் கணக்கு. கஞ்சாவுக்கான தண்டனை 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில், எல்லோரும் என்டிபிஎஸ் என்று சொல்கிறோமே, அதில் 20-ஆம் பிரிவில் இருக்கிறது. எல்லாமே எடையைப் பொறுத்தது. கஞ்சாவுக்குச் 'சிறு அளவு' 1 கிலோ. 'வணிக அளவு' 20 கிலோ. 1 கிலோவுக்குக் கீழே என்றால் அதிகபட்சம் ஓராண்டுக் கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நடுவில் என்றால் 10 ஆண்டு வரை, 1 லட்சம் வரை அபராதம். 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தபட்சமே 10 ஆண்டு, அதிகபட்சம் 20. இதெல்லாம் பெரியவர்களுக்கான தண்டனை. சிறாருக்கு இந்த ஆண்டுக் கணக்கு எதற்கு என்றால், எந்த வகைக் குற்றம் என்று பிரிப்பதற்கு. அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டுக்குள் என்றால் இளைஞர் நீதிச் சட்டத்தில் அது 'சிறு குற்றம்'. எனவே உங்கள் அக்கா மகன்மேல் உள்ளது சிறு குற்றம். நடு அளவு 'கடுமையான குற்றம்'. வணிக அளவு, குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டுக்கு மேல் இருப்பதால், 'கொடிய குற்றம்'.

ஒரு எச்சரிக்கை. இந்த எடைகள் கஞ்சாவுக்கு மட்டும். சரஸ், ஹஷிஷ் என்று சொல்லும் பிசின் என்றால் சிறு அளவு வெறும் 100 கிராம், வணிக அளவு 1 கிலோ. அதனால் பையில் இருந்தது எது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வேறு பொருளோடு கலந்திருந்தால் கலவையின் முழு எடையும் கணக்கில் வரும் என்று 2020-இல் ஹிரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

எடை விஷயத்தில் மகஜரை, அதாவது பொருளைக் கைப்பற்றியதற்குப் போலீஸ் எழுதும் பதிவை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படியுங்கள். எந்த இடத்தில், எந்தத் தராசில், எத்தனை மணிக்கு நிறுத்தார்கள். பிளாஸ்டிக் கவரோடு நிறுத்தார்களா, கவர் இல்லாமலா. மூன்று பேரிடம் தனித்தனியாக இருந்ததை ஒன்றாகக் கொட்டி ஒரே எடையாக எழுதினார்களா. சட்டத்தில் கஞ்சா என்றால் செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகள். நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. 30 கிராமில் இதனால் பெரிய வேறுபாடு வராது. ஆனால் 1 கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும் வழக்குகளில் இந்த நுணுக்கம்தான் ஓராண்டு வரம்பையும் பத்தாண்டு வரம்பையும் பிரிக்கிறது. ஈரமாகப் பிடித்தது பிறகு காய்ந்து எடை குறைவதும் இதே கோட்டில்தான் வழக்கறிஞர்களுக்கு வேலை கொடுக்கிறது.

என்டிபிஎஸ் சட்டத்தின் 50-ஆவது பிரிவைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள்: 'அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை கேட்கும் உரிமை உண்டு' என்று சொல்லாமல் சோதித்தால் கேஸ் நிற்காது என்பார்கள். அது உடம்பைச் சோதிப்பதற்கு. கையிலிருக்கும் பைக்கு அது பொருந்தாது என்று 2005-இலேயே பவன் குமார் வழக்கில் சொல்லிவிட்டார்கள். சட்டைப் பையில் இருந்ததா, புத்தகப் பையில் இருந்ததா என்பதை மகஜரில் பாருங்கள். பையனிடம் தனியாகக் கேளுங்கள். அந்தப் பையை வேறு யாராவது வாங்கி வைத்திருந்தார்களா என்பதும் முக்கியம். உள்ளே இருப்பது தெரிந்தே வைத்திருந்தால்தான் அது குற்றமாகும். ஆனால் பொருள் கையில் கிடைத்துவிட்டால், தெரியாது என்று காட்டும் சுமையை 35-ஆம் பிரிவும் 54-ஆம் பிரிவும் பையன் பக்கம் தள்ளிவிடுகின்றன.

எஃப்ஐஆர் போடுவார்களா? இளைஞர் நீதிச் சட்டத்துக்கான 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள்படி, சிறார்மீது சிறு குற்றத்துக்கு எஃப்ஐஆர் கூடாது. ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிந்து, பையனின் குடும்பப் பின்னணி அறிக்கையைப் படிவம் 1-இல் எழுதிக் குழுமத்துக்கு அனுப்பினால் போதும். சிறு குற்றத்தில் பிடித்து வைக்கவே தேவையில்லை. பெற்றோரிடம் ஒப்படைத்து விசாரணைத் தேதியைச் சொல்லி அனுப்பலாம். இதை ஸ்டேஷனில் மரியாதையாக எடுத்துச் சொல்லிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். உங்கள் விஷயத்தில் சிக்கல் அந்த 19 வயது நண்பன். பெரியவர் ஒருவர் சேர்ந்திருந்தால் நடைமுறையில் எஃப்ஐஆர் போடுவார்கள். அப்படிப் போட்டாலும் இருவர் வழக்கையும் சேர்த்து நடத்த முடியாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி பையனுடையது தனியாகப் பிரிந்து குழுமத்துக்குப் போகும். அந்த நண்பனின் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தாலும் இவனுடையது அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஜாமீன் பற்றி வீட்டில் உள்ளவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குற்றம் எதுவானாலும், ஜாமீனில் விடக்கூடியதோ இல்லையோ, சிறாரை விடுவிப்பதுதான் 12-ஆம் பிரிவின் விதி. ஜாமீன்தாரர் இல்லாமல்கூட விடலாம். மறுப்பதற்கு மூன்றே காரணங்கள்: வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேருவான், அவனுக்கு ஆபத்து நேரும், அல்லது நீதியின் நோக்கம் கெடும். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். ஆக 30 கிராமுக்கு ஜாமீன் கிடைக்காமல் போவது அபூர்வம். பிறகு ஏன் பிள்ளைகள் கூர்நோக்கு இல்லத்தில் (விசாரணைக் காலத்தில் சிறாரை வைக்கும் இடம்) வாரக்கணக்கில் இருக்கிறார்கள்? பல நேரம் வீட்டார் வருவதில்லை. அல்லது வந்து, 'நாலு நாள் உள்ளே கிடக்கட்டும், அப்போதான் புத்தி வரும்' என்று அப்பாவே சொல்லிவிடுகிறார். கோபம் புரிகிறது. ஆனால் அங்கே அவனோடு இருக்கப்போவது கொலை, வழிப்பறி வழக்கில் வந்த பிள்ளைகளும்தான். 30 கிராமோடு போனவனுக்கு அங்கே பழகக் கிடைக்கும் தொடர்புகள், பஸ் ஸ்டாண்டில் கிடைத்தவற்றைவிட நீளமானவை. குழுமம் ஜாமீன் நிபந்தனையைப் பார்க்கும்போது, வீட்டில் யார் கவனித்துக்கொள்வார்கள் என்பதைத்தான் முதலில் எடை போடும். அம்மாவோ தாய்மாமாவோ முன்னால் வந்து, 'என் பொறுப்பில் வைத்துக்கொள்கிறேன், பள்ளிக்கு அனுப்புகிறேன்' என்று சொல்வதற்கு இணையான வாதம் எந்த வக்கீலிடமும் இல்லை. நிபந்தனையை 7 நாளில் நிறைவேற்ற முடியாமல் பையன் உள்ளேயே இருந்தால், நிபந்தனையைத் தளர்த்துவதற்கு அவனைத் திரும்பக் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். அந்த 7 நாளை எண்ணிக்கொண்டிருங்கள்.

அடுத்து வீட்டுக்கு வருபவர் நன்னடத்தை அலுவலர். இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை கொடுக்க வேண்டியவர் அவர். வீடு, வருமானம், படிப்பு, நண்பர்கள், பழக்கம், குடும்பத்தில் குடி உண்டா என்றெல்லாம் கேட்பார். இதை போலீஸ் விசாரணை என்று நினைத்து மூடி மறைக்காதீர்கள். இறுதி உத்தரவின் தொனியை இந்த அறிக்கை தீர்மானிக்கும். வருகைப் பதிவேடு, மதிப்பெண் பட்டியல், பள்ளி ஆசிரியர் ஒருவரின் கடிதம், விளையாட்டுச் சான்றிதழ் எதுவானாலும் ஒரு ஃபைலில் போட்டு அவரிடம் கொடுங்கள். அவனுக்கு உண்மையிலேயே பழக்கம் இருந்தால் அதை மறைப்பது இரட்டைத் தவறு. பழக்கத்துக்கு ஆளானவர் சிறு அளவு வழக்கில் தானாக முன்வந்து, அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மையத்தில் முழு சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்தே காப்பு பெற என்டிபிஎஸ் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது. பாதியில் நின்றால் அந்தக் காப்பும் போகும். சிகிச்சைக்கு வழிகாட்ட 14446 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. குழுமமே தன் உத்தரவில் போதை மீட்புச் சிகிச்சைக்குப் போகச் சொல்லவும் முடியும். இதைத் தண்டனையாகப் பார்க்காதீர்கள். 17 வயதில் இது கிடைத்தால் அதிர்ஷ்டம்.

விசாரணைக் காலத்தை விரலில் எண்ணுங்கள். முதல் முறை குழுமத்தின் முன் நிறுத்திய நாளிலிருந்து 4 மாதம். காரணம் எழுதி இன்னும் 2 மாதம் நீட்டலாம். சிறு குற்றத்தில் அதற்குள்ளும் முடியாவிட்டால் வழக்கே முடிவுக்கு வந்துவிடும் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. பொருள் கஞ்சாதான் என்று ஆய்வக அறிக்கை வர வேண்டும், அது தாமதமாவது சகஜம். அதனால் இந்த 6 மாதக் கணக்கு ஏட்டளவில் நிற்கும் சலுகை அல்ல. ஆனால் தானாக யாரும் உங்களைக் கூப்பிட்டு 'முடிந்துவிட்டது' என்று சொல்லமாட்டார்கள். வக்கீல் மனுப் போட வேண்டும். நீங்கள் கேட்டு வாங்கிய வாய்தாக்கள் நிறைய இருந்தால் அந்த மனு பலவீனமாகும்.

குற்றம் நிரூபணமானால்? அறிவுரை சொல்லி, எச்சரித்து வீட்டுக்கு அனுப்பலாம். குழு ஆலோசனை, சமூக சேவை, அபராதம் (பெற்றோரையே கட்டச் சொல்லலாம்), நன்னடத்தைப் பிணையில் பெற்றோரிடம் ஒப்படைத்தல் என்று 18-ஆம் பிரிவு வரிசையாகச் செல்கிறது. கடைசியில் இருப்பதுதான் சிறப்பு இல்லம், அதிகபட்சம் 3 ஆண்டு. முதல் தடவை, 30 கிராம், ஒழுங்காகப் பள்ளிக்குப் போகும் பையன் என்றால் அந்தக் கடைசிப் படி வரை போகக் காரணமே இல்லை. 'ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும்' என்று குழும வாசலில் பலரும் சொல்வார்கள். பல வழக்குகளில் அது உண்மையும்கூட. ஆனால் ஆய்வக அறிக்கையையும் மகஜரையும் வக்கீல் படிப்பதற்கு முன் ஒத்துக்கொள்ளாதீர்கள். இலவச வக்கீல் வேண்டுமானால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். உத்தரவு பிடிக்காவிட்டால் 30 நாளில் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

வணிக அளவு வழக்கு வேறு உலகம். 16 வயது முடிந்தவன் என்றால், அவன் மனநிலையும் விளைவறியும் திறனும் எப்படி என்று குழுமம் 3 மாதத்துக்குள் முதற்கட்ட மதிப்பீடு செய்து, பெரியவரைப் போல விசாரிக்கலாம் என்று குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்ப முடியும். 'இந்தப் பார்சலை அந்த ஆளிடம் கொடுத்துவிட்டு வா, 500 ரூபாய் தரேன்' என்று அனுப்பப்படும் பையன்கள் மாட்டுவது இங்கேதான். அப்படி என்றால் அனுப்பியவனின் பெயரைச் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது. சிறாரைக் கடத்தலுக்குப் பயன்படுத்தியவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 78-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல். சிறாருக்குப் போதைப்பொருள் கொடுத்தவருக்கு 77-ஆம் பிரிவில் அதே அளவு. ஆனால் இந்தத் தகவலைப் பையன் வக்கீல் பக்கத்தில் இருக்கும்போது சொல்லட்டும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. குற்றம் செய்ததாகக் குழுமம் முடிவு செய்தாலும் அதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்பது 24-ஆம் பிரிவு. ஆவணங்களையும் அழிக்க வேண்டும். மாதிரி விதிகள்படி மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை அல்லது 7 ஆண்டு, அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பெரியவரைப் போல விசாரித்துத் தண்டித்த வழக்குகளுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. முடிந்த வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காக போலீஸ் வெளியிடக் கூடாது என்கிறது 74-ஆம் பிரிவு. அதே பிரிவின்படி பையனின் பெயர், படம், பள்ளி எதையும் பத்திரிகையிலோ வேறு ஊடகத்திலோ வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம். ஊர் வாட்ஸ்அப் குழுவில் அவன் படம் சுற்றினால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அனுப்பிய எண்ணும் நேரமும் தெரியும்படி சேமித்து வக்கீலிடம் கொடுங்கள். சிறு வயது வழக்கைக் காட்டி வேலை மறுக்கப்பட்ட ஒருவருக்கு 2019-இல் ரமேஷ் பிஷ்னோய் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேலையைப் பெற்றுத் தந்திருக்கிறது. அதுவும் மத்திய தொழில் பாதுகாப்புப் படையில். அதனால் இறுதி உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். குழுமத்தின் கோப்பு அழிந்த பிறகு ஏதாவது பழைய பதிவு தலைநீட்டினால், வழக்கு எப்படி முடிந்தது என்று காட்ட உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

வெளிநாட்டு விசாவுக்கு இந்தப் பாதுகாப்பு அப்படியே செல்லாது. அமெரிக்க விசா படிவம் எப்போதாவது கைதானதுண்டா என்றே கேட்கிறது. நம் நாட்டின் 24-ஆம் பிரிவு அவர்களைக் கட்டுப்படுத்தாது. பொய் சொல்லி மாட்டினால் அந்தப் பொய்யே வாழ்நாள் தடைக்குப் போதுமான காரணம். பொதுத் தேர்வு முடிந்து வெளிநாட்டுப் படிப்பு யோசனை இருந்தால், படிவத்தைத் தொடுவதற்கு முன் அந்த நாட்டுக் குடியேற்றச் சட்டம் தெரிந்தவரிடம் இறுதி உத்தரவைக் காட்டிக் கேளுங்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தையும் முடிந்தால் குழுமத்தின் வழக்கு முடிந்த பிறகு போடுங்கள். நிலுவையில் இருக்கும்போது போட்டால் போலீஸ் சரிபார்ப்பில் வீணாக நிற்கும்.

பிளஸ் டூ என்கிறீர்கள். செய்முறைத் தேர்வு, பொதுத் தேர்வு அட்டவணை வந்தவுடன் ஒரு நகலை வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். வாய்தா தேர்வு நாளில் விழுந்தால் ஹால் டிக்கெட் நகலோடு முன்கூட்டியே மனுப் போட்டால் குழுமம் தேதியை மாற்றித் தரும். சொல்லாமல் வராமல் இருந்தால்தான் ஜாமீனுக்குப் பங்கம் வரும்.